அமெரிக்க லொத்தருக்குப் பணம் கட்டுமுன் வீட்டுப் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள்



2024இல் தீபாவளி முற்பணம் கைக்கு வரும் மாதத்தில்தான் அமெரிக்க விசா லொத்தரும் திறந்தது. 2026ஆம் ஆண்டுத் திட்டத்துக்கான விண்ணப்பம் அந்த ஒக்டோபர் 2ஆம் திகதி தொடங்கியது. நவம்பர் முதல் வாரத்தில் முடிந்தது. டவுன் பக்கம் போனால் கொமினிகேஷன் கடை, ஸ்டூடியோ என்று பார்க்கும் இடமெல்லாம் அமெரிக்கக் கொடி போட்ட அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். நமக்கு எந்த வாரத்தில் பணம் வரும் என்பது கடைக்காரர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

இரண்டு வாரத்துக்கு முன், பாடசாலை விட்ட நேரம், ஓர் அம்மா கையில் ஒரு துண்டுச் சீட்டோடு வாசலில் நின்றார். மகன், மருமகள், தங்கச்சி மகன் என மூவருக்கு, ஆளுக்கு 2,500 ரூபா வீதம் 7,500 ரூபா கட்டியிருந்தார். "சேர், இது சரியா வருமான்னு பாத்து சொல்லுங்க" என்றார். மகனும் தங்கச்சி மகனும் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவர்கள். மருமகள் ஒன்பதாம் ஆண்டுவரை படித்தவர். மூவரில் ஒருவருக்கும் இந்த விசாவுக்குத் தகுதி இல்லை. கடையில் அதை யாரும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. 2024இல் இருந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் அந்த அம்மாவுக்கு அது ஐந்தரை நாள் பேர். கடைக்குப் போய்க் கேட்டதில் "படிவம் போட்டாச்சு, காசு திருப்பிக் கொடுக்க முடியாது" என்று பதில் வந்தது.

இதனால்தான் சம்பளத்தையும் காணியையும் பற்றி எழுதவேண்டிய இந்தப் பக்கத்தில் இம்முறை லொத்தரைப் பற்றி எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். 2026ஆம் ஆண்டுத் திட்டம்வரை இந்த லொத்தருக்கு விண்ணப்பிக்க அமெரிக்க அரசு ஒரு சதமும் அறவிடவில்லை. அமெரிக்க இராஜாங்கத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் நாமே நிரப்பலாம். அந்த முகவரி 'டொட் கவ்' என்று முடியும். 'டொட் கொம்', 'டொட் ஓர்க்' என்று முடிவதெல்லாம் வேறு ஆட்களுடையவை. கணினிக்கும் பிரிண்ட் எடுப்பதற்கும் கடைக்காரர் கூலி கேட்பது நியாயம்தான், அவருக்கும் பிழைப்பு இருக்கிறது. ஆனால் "எங்கள் மூலம் போட்டால் விழும்" என்று சொல்லி வாங்கும் பணம் கூலியில் சேராது. யார் தெரிவாக வேண்டும் என்பதைக் கணினி குலுக்கல் முறையில் எடுக்கிறது. கொழும்பிலோ ஹட்டனிலோ இருக்கும் எந்த ஏஜென்டுக்கும் அதில் கைவைக்க வழியில்லை.

அமெரிக்காவுக்குக் குறைவாகக் குடியேறியுள்ள நாடுகளைச் சேர்ந்தவர்களுக்கென 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் கொண்டுவரப்பட்ட திட்டம் இது. ஆண்டுக்கு 55,000 விசா வரை. 2023இல் நடந்த, 2025ஆம் ஆண்டுத் திட்டத்துக்கு உலகம் முழுவதிலுமிருந்து 1 கோடி 90 இலட்சத்துக்கும் அதிகமான விண்ணப்பங்கள் போயின. தெரிவானவர்கள் குடும்பத்தினரையும் சேர்த்துச் சுமார் 131,000 பேர். தெரிவானவர் தொகையும் விசாத் தொகையும் ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். பாதிக்கு மேற்பட்டோர் தெரிவாகியும் விசா பெறமுடியாது என்று தெரிந்தே அவ்வளவு பேரை எடுக்கிறார்கள். படிவத்திலும் பத்திரத்திலும் நேர்முகத்திலும் பலர் உதிர்ந்துவிடுவார்கள் என்பது அவர்கள் கணக்கு. அப்படி உதிர்பவர்களில் நம்மவர்கள் ஏன் அதிகம் இருக்க வேண்டியிருக்கிறது என்பதே நம் கவலை.

தகுதி இரண்டு. ஒன்று, பிறந்த நாடு. இலங்கையில் பிறந்தவர் விண்ணப்பிக்கலாம், இந்தியாவில் பிறந்தவர் விண்ணப்பிக்க முடியாது. இங்கே பார்க்கப்படுவது பிறந்த இடமே, பிரஜாவுரிமை அல்ல. கணவன் மனைவியரில் ஒருவர் இந்தியாவில் பிறந்திருந்தால் மற்றவர் பிறந்த நாட்டைக் காட்டி, இருவரும் சேர்ந்தே செல்வதாக இருந்தால், விண்ணப்பிக்க வழியுண்டு. 1964 ஒப்பந்தத்தின் கீழ் கப்பலேறி இன்று கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கும் உறவினர்கள் பலர் நம் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் அவர்கள் இந்தக் கணக்கில் இலங்கையர்தான். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. இதை அவர்களுக்குப் போன் பண்ணும்போது சொல்லிவையுங்கள். விண்ணப்பிப்பார்களோ இல்லையோ, கேட்டுச் சிரிக்கவாவது செய்வார்கள்.

இரண்டாவது தகுதிதான் அந்த அம்மாவின் 7,500 ரூபாவைத் தின்றது. 12 ஆண்டுப் பாடசாலைக் கல்வியை வெற்றிகரமாக முடித்திருக்க வேண்டும். நமது நாட்டில் சாதாரண தரம் 11ஆம் ஆண்டு. ஆகவே உயர்தரம்வரை படித்துச் சித்தியடைந்தவர்களே நம்பிக்கையோடு விண்ணப்பிக்கலாம். கடைசி முடிவு தூதரக அதிகாரியுடையது. படிப்பு இல்லாவிட்டால், கடந்த 5 ஆண்டுக்குள் குறைந்தது 2 ஆண்டு, பயிற்சியோ அனுபவமோ 2 ஆண்டாவது தேவைப்படும் ஒரு தொழிலைச் செய்திருக்க வேண்டும். எந்தெந்தத் தொழில் என்பதற்கு அமெரிக்கத் தொழில் திணைக்களத்தின் பட்டியல் இருக்கிறது. கொழுந்து எடுப்பது அதில் தேறாது. (கொழுந்து எடுப்பதற்குப் பயிற்சி தேவையில்லை என்று எவர் எழுதினாலும் நாம் ஒப்பமாட்டோம். பட்டியல் போட்டவர்கள் நம் மலையில் கூடையோடு ஒரு நாள் நின்று பார்த்தவர்கள் அல்லர்.) குடும்பத்தில் விண்ணப்பிக்கும் ஒருவருக்குத் தகுதி இருந்தால் போதும். மனைவி உயர்தரம், கணவர் எட்டாம் ஆண்டு என்றால் மனைவியின் பெயரில் போடுங்கள். நம் தோட்டங்களில் இப்போது அதுதான் அதிகம். ஆனாலும் ஸ்டூடியோவில் பெரும்பாலும் ஆண் பெயரிலேயே படிவம் போடுகிறார்கள்.

ஒருவர் ஒரு படிவம்தான் போடலாம். இரண்டு கடைகளில் இரண்டு போட்டால் இரண்டும் தள்ளுபடி. கணவனும் மனைவியும் தகுதியுள்ளவர்களாக இருந்தால் ஆளுக்கொன்று போட்டு, மற்றவரைக் குடும்பத்தில் சேர்க்கலாம், அதில் தடையில்லை. 21 வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகள் எல்லோரையும் எழுத வேண்டும். கூட வராவிட்டாலும், வேறு வீட்டில் வளர்ந்தாலும், முதல் தாரத்துப் பிள்ளையாக இருந்தாலும் எழுத வேண்டும். தாய் குவைத்திலோ கொழும்பிலோ வேலைசெய்ய, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் நம்மிடையே ஏராளம். "அவன் அம்மாச்சிகிட்டதானே இருக்கான்" என்று ஒரு பிள்ளையை விட்டுவிட்டால் பின்பு குடும்பம் முழுவதன் விசாவும் மறுக்கப்படும்.

படம் கடந்த 6 மாதத்துக்குள் எடுத்ததாக, கண்ணாடி அணியாமல், வெள்ளைப் பின்னணியில், சதுரமாக இருக்க வேண்டும். சென்ற வருடப் படத்தை மீண்டும் போடக் கூடாது. படிவத்தைத் திறந்தால் முடிக்க 60 நிமிடம் தருகிறார்கள். சிக்னல் விட்டுவிட்டு வரும் மேல் டிவிஷன்களில் இருந்து போட முயலாதீர்கள். கடைசி நாள்வரை காத்திராதீர்கள்.

படிவம் போனதும் திரையில் ஓர் உறுதிப்படுத்தல் இலக்கம் வரும். எல்லாவற்றையும்விட முக்கியமானது அதுதான். அதைக் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள், கொப்பியிலும் எழுதுங்கள். அந்த இலக்கத்தைப் போட்டுத்தான் முடிவைப் பார்க்க முடியும். அமெரிக்க அரசு "நீங்கள் வெற்றி பெற்றீர்கள்" என்று கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புவதில்லை. அப்படி ஏதாவது வந்து பணம் அனுப்பச் சொன்னால் அது பொய்.

நம்மிடம் படித்த ஒரு தம்பி கொழும்பில் புடவைக் கடையொன்றில் வேலை. உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தி. இரண்டு வருடத்துக்கு முன் டவுனில் ஒருவர் மூலம் படிவம் போட்டார். மின்னஞ்சல் முகவரியும் அந்த ஆளுடையது, இலக்கமும் அந்த ஆளிடம். மே மாதம் கேட்டதற்கு, "உங்களுக்கு விழுந்திருக்கு, 75,000 கொண்டு வாங்க, நம்பரைத் தாரேன்" என்று பதில். உண்மையில் விழுந்ததா இல்லையா என்பது இன்றுவரை அந்தத் தம்பிக்குத் தெரியாது. அவர் பணம் கொடுக்கவில்லை. கொடுக்காதது சரிதான் என்று நாம் சொன்னோம். ஆனாலும் ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் "சேர், ஒருவேளை விழுந்திருக்குமோ" என்று கேட்கத்தான் செய்கிறார்.

இன்னொரு வியாபாரமும் நடக்கிறது. தெரிவான பிள்ளையிடம், "இந்த ஆளைக் கல்யாணம் செய்ததாகக் காட்டு, செலவெல்லாம் அவன் பார்ப்பான்" என்று வருவார்கள். அதற்குத் தலையாட்டி, நேர்முகத்தில் அது வெளிப்பட்டால், இந்த விசா மட்டுமல்ல, வாழ்நாள் முழுவதும் அமெரிக்கா செல்லத் தடை விழலாம்.

இனி, வீட்டுப் பத்திரங்களுக்கு வருவோம். தகரப் பெட்டியைத் திறந்து பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், பரீட்சைச் சான்றிதழ் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்கிலும் ஒரே பெயர் இருக்கும் வீடுகளை விரல் விட்டு எண்ணலாம். அப்பா பெயர் ஒன்றில் பெரியசாமி, இன்னொன்றில் பெரியதம்பி, ஆங்கிலத்தில் எழுதும்போது மூன்று விதம். வீட்டில் ராணி, பதிவில் யோகராணி, அடையாள அட்டையில் யோகேஸ்வரி. பிறந்தது மார்ச் மாதம், பாடசாலையில் ஜனவரி.

இது எப்படி நேர்ந்தது என்று நமக்குத் தெரியும். பிள்ளை பிறந்த செய்தியை ஒருவர் வாயால் சொல்ல, இன்னொருவர் காதில் விழுந்ததைத் தனக்குத் தெரிந்த மொழியில் எழுதினார். தமிழ் தெரியாத பதிவாளர் சிங்களத்தில் எழுதியது பின்பு ஆங்கிலமாகி மறுபடி தமிழானது. பாடசாலைகளும் இதில் சுத்தமில்லை. பத்திரம் வரும்வரை காத்திராமல் அம்மா சொன்ன பெயரை இடாப்பில் எழுதிப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வது நம் வழக்கம். பிள்ளை படிக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் செய்ததுதான். பின்பு அதைத் திருத்த மறந்துவிட்டோம். அப்படி எழுதிய கைகளில் நமது கையும் ஒன்று.

2024 ஒக்டோபர் 30ஆம் திகதியோடு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு 60 ஆண்டு ஆனது. 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்ட நம் தாத்தா பாட்டிகளை இந்தியாவுக்கு இத்தனை இலட்சம், இலங்கைக்கு இத்தனை இலட்சம் என்று இரண்டு அரசுகள் பங்கு போட்ட நாள். அந்தக் காலத்தில் படிவம் நிரப்பத் தெரியாததாலும், பிறந்ததற்குத் துண்டுச் சீட்டு இல்லாததாலும் உரிமையை இழந்தவர்கள் நம் குடும்பங்களில் இருந்தார்கள். பிரஜாவுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெருமளவு தீர்ந்தது. பத்திரத்தைக் கண்டால் நம்மவர்களுக்கு இன்னும் ஒரு பயம் இருப்பது இதனால்தான். பயம் இருப்பதால் பெட்டியில் பூட்டி வைக்கிறோம், எடுத்துப் படிப்பதில்லை.

பெயர் வித்தியாசம் இருந்தால் விசா கிடைக்காது என்று முடிவுகட்ட வேண்டாம். எழுத்துப் பிழை வேறு, ஆளே வேறு போலத் தெரிவது வேறு. முதலில் பிறப்புப் பதிவைத் திருத்துங்கள், மற்றதெல்லாம் அதைப் பின்பற்றி வரும். பிரதேச செயலகத்திலுள்ள பதிவாளர் பிரிவில் பெயர் மாற்றவும் பிழை திருத்தவும் படிவங்கள் இருக்கின்றன. பழைய பாடசாலைப் பதிவையும், கோயிலில் பெயர் வைத்த சீட்டு இருந்தால் அதையும், தடுப்பூசி அட்டையையும் கொண்டு போங்கள். பிறந்து 3 மாதம் கடந்தும் பதியாத பிள்ளைகளைப் பிரகடனம் கொடுத்துப் பதியலாம். இது ஒரு நாளில் முடியும் வேலை அல்ல. தெரிவான பிறகு தொடங்கினால் காலம் போதாது. 2026ஆம் ஆண்டுத் திட்டத்தின் விசா 2026 செப்டெம்பர் 30க்குள் கைக்கு வந்தாக வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் தெரிவு செல்லாது, அடுத்த வருடத்துக்குக் கொண்டு போக முடியாது.

கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் பத்து வருடம் குடும்பம் நடத்துபவர்கள் படிவத்தில் எந்தக் கட்டத்தில் புள்ளடி போடுவது என்று கேட்கிறார்கள். விவாகத்தைப் பதிந்துவிட்டு, மணமானவர் என்று போடுங்கள். லொத்தர் விழாவிட்டாலும் அந்தப் பதிவு ஒரு பெண்ணுக்குக் கணவரின் சேமலாப நிதியைக் கேட்கும் நாளில் துணை நிற்கும்.

படிவத்தில் பெயரை எழுதும்போது ஒரு சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் முன்னால் வருகிறது. பாஸ்போர்ட் இருந்தால் அதில் பிரித்திருப்பது போலவே எழுத்துக்கு எழுத்து பிரித்து எழுதுங்கள். இல்லாவிட்டால் பிறப்புப் பத்திரத்தைப் பின்பற்றுங்கள், பின்பு பாஸ்போர்ட் எடுக்கும்போதும் அதையே காட்டுங்கள். அமெரிக்கர்கள் திகதி எழுதும்போது மாதத்தை முதலில் எழுதுவார்கள். மார்ச் 5 மே 3 ஆகிவிடாமல் பாருங்கள். 2026ஆம் ஆண்டுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கப் பாஸ்போர்ட் தேவைப்படவில்லை.

தெரிவானால் அடுத்தது டி.எஸ். 260 என்ற நீண்ட படிவம். 16 வயதிலிருந்து எங்கெங்கே வாழ்ந்தோம், எங்கே படித்தோம், என்ன வேலை செய்தோம் என்று எல்லாம் கேட்பார்கள். முதல் படிவத்தில் எழுதியதற்கும் இதற்கும் முரண் இருக்கக் கூடாது. பிறகு பரீட்சைத் திணைக்களத்தின் சான்றிதழ், பொலிஸ் அறிக்கை, பாஸ்போர்ட், பிறப்பு விவாகப் பத்திரங்கள். தமிழிலோ சிங்களத்திலோ இருப்பவற்றுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்ப்பாளரிடம் எல்லாப் பத்திரத்தையும் ஒன்றாகக் கொடுங்கள். ஒவ்வொன்றாக ஒவ்வொருவரிடம் கொடுத்தால் அப்பா பெயர் நாலாவது விதமாகவும் மாறிவிடும்.

செலவையும் மறைக்காமல் சொல்கிறோம். நேர்முகத்தின்போது தூதரகத்தில் ஆளுக்கு 330 டொலர் கட்ட வேண்டும். விசா மறுத்தாலும் திரும்பாது. டொலர் 300 ரூபா என்று வைத்தால் நால்வர் உள்ள குடும்பத்துக்கு 396,000 ரூபா, அதாவது 2024இல் இருந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் 293 நாள் பேர். அரைப் பேர் போடாமல் முழுப் பேர் போட்டால்! இதற்கு மேல் மருத்துவப் பரிசோதனை, பாஸ்போர்ட், விமானப் பயணம், அங்கே போய் முதல் சம்பளம் வரும்வரை வாழ்வதற்கான பணம். நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, லொத்தரில் பெயர் விழுந்த மகிழ்ச்சியில் கடனாளியாகிவிடாதீர்கள். உறவினரோ நண்பரோ அங்கே இருந்து கைகொடுத்தால் மட்டும் துணியுங்கள் என்பது நமது அபிப்பிராயம். வேறு விதமாக நினைப்பவர்களும் சங்கத்தில் இருக்கிறார்கள்.

நேர்முகம் கொழும்பு காலி வீதியில் உள்ள தூதரகத்தில். கையை உயர்த்தி உண்மையே சொல்வதாகச் சத்தியம் வாங்குவார்கள். ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்பது இந்த விசாவின் நிபந்தனை அல்ல. தமிழில் பதில் சொல்ல விரும்பினால் ஆரம்பத்திலேயே கேளுங்கள்.

சென்ற வருடம் மே மாதம் நமது பழைய மாணவி ஒருவர் தெரிவானார். அப்பா கவ்வாத்து வெட்டுபவர், அம்மா கொழுந்து. இவ்வருடம் நேர்முகத்துக்கு முன் ஒரு மாலை பாடசாலையில் உட்கார்ந்து பழகிப் பார்த்தோம். ஏதோ ஓர் ஏஜென்ட் எழுதிக் கொடுத்த பதில்களை அவர் மனப்பாடம் செய்து வந்திருந்தார். "அப்பா என்ன தொழில்?" என்று கேட்டோம். "எஸ்டேட் சுப்பர்வைசர்" என்றார். நாம் ஒன்றும் பேசாமல் இருந்தோம். சிறிது நேரம் கழித்து அவரே கேட்டார்: "சேர், அப்பா தோட்டத்தில கத்தி புடிக்கிறாருன்னு சொன்னா விசா தரமாட்டாங்களா?"

பதினைந்து வருடமாகப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம், மேடையில் பேசுகிறோம். அந்தக் கேள்விக்கு உடனே பதில் வரவில்லை. அப்பாவின் தொழில் என்னவாக இருந்தாலும் இந்த விசாவுக்கு அதில் குறையில்லை என்று பிறகு சொன்னோம். அதிகாரி பார்ப்பது மூன்று விடயம்: இவர் சொல்லும் ஆள்தானா, படித்தது உண்மையா, படிவத்தில் எழுதிய குடும்பம் உண்மையான குடும்பமா. ஏஜென்டின் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, தன் வாயால் தன் கதையைச் சொல்லச் சொன்னோம். எந்தப் பாடசாலை, எந்த வருடம், எத்தனை பாடம், லயத்தில் எத்தனை பேர், அங்கே யாரிடம் போகிறாய், என்ன வேலை தேடுவாய். இரண்டாவது தடவை சொல்லும்போதே குரல் மாறிவிட்டது.

ஹட்டனிலிருந்து இரவு பஸ்ஸில் அப்பாவோடு போனார். உள்ளே அப்பாவின் தொழிலை ஒரு கேள்வியோடு கடந்துவிட்டார்களாம். அதிகாரி நிறுத்திக் கேட்டது அப்பாவின் பெயரைத்தான். சான்றிதழில் ஒன்று, பிறப்புப் பத்திரத்தில் வேறொன்று. திருத்திய பதிவும் அதற்கான கடிதமும் கோப்பில் இருந்தன. தெரிவான வாரத்திலேயே பிரதேச செயலகத்துக்கு நடக்கத் தொடங்கியதால் இருந்தன. ஐந்து தடவை நடந்தார்கள், ஐந்து நாளும் அப்பாவுக்குப் பேர் இல்லை. ஜூலையில் அந்தப் பிள்ளை புறப்பட்டது. அப்பா இன்னும் அதே மலையில் கவ்வாத்துக் கத்தியோடு நிற்கிறார். மகள் போனில் பேசும்போது சத்தமாகப் பேசுகிறார், லயம் முழுக்கக் கேட்கும்.

"சங்கப் பத்திரிகையே ஆட்களைப் போகச் சொல்கிறதா?" என்று சில தலைவர்மார் கேட்பார்கள். நாம் யாரையும் போகச் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. 200 வருடமாக நம்மை அங்கே போ, இங்கே இரு என்று சொல்ல மற்றவர்கள் இருந்தார்கள், சங்கமும் அந்த வேலையைச் செய்யத் தேவையில்லை. போனவர்களின் இடத்தில் யார் சந்தா கட்டுவார்கள் என்ற கவலை நமக்கும் உண்டு. ஆனால் உயர்தரம் படித்த பிள்ளைக்குத் தோட்டத்தில் என்ன வேலை வைத்திருக்கிறோம் என்று திருப்பிக் கேட்டால் நம்மிடம் பதில் இல்லை.

அதோடு, லொத்தர் விழாத நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கும் இதே பத்திரங்கள்தான் வேண்டும். ஏழு பேர்ச் காணிக்கு உறுதி எழுதும்போது பெயர் பொருந்த வேண்டும். சேமலாப நிதியை எடுக்கப் போன எத்தனை பேர் பி கார்டில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர் என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்பது நமது காரியாலயக் கோப்புகளில் இருக்கிறது.

ஆகவே சங்கத்தின் கோரிக்கை இது. பிறப்பு, விவாகப் பதிவுத் திருத்தத்துக்கான நடமாடும் சேவை டிவிஷன் டிவிஷனாக வர வேண்டும். வேலை நாளில் வந்தால் அன்றைய பேரை நிர்வாகம் போட வேண்டும். தமிழ் அரச கரும மொழி, ஆகவே படிவமும் தமிழில், விளக்கமும் தமிழில். இதை எழுத்தில் பிரதேச செயலாளர்களுக்கு அனுப்பியிருக்கிறோம். பதில் வந்தால் அடுத்த இதழில் போடுகிறோம், வராவிட்டால் வரவில்லை என்று போடுகிறோம்.

அதுவரை, இம்மாதமும் நவம்பர் முதல் ஞாயிறும், காலை 9 மணி தொடக்கம் நமது பகுதிக் காரியாலயத்தில் ஒரு கணினியும் இரண்டு ஆசிரியர்களும் இருப்பார்கள். படிவம் நிரப்பக் கட்டணம் இல்லை. சந்தா கட்டாதவர்களும் வரலாம். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, உயர்தரச் சான்றிதழ், பிள்ளைகள் எல்லோருடைய பிறப்புப் பத்திரங்கள், உங்கள் சொந்த மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றோடு வாருங்கள். மின்னஞ்சல் இல்லாதவர்களுக்கு அங்கேயே திறந்து கொடுப்போம், கடவுச்சொல்லை நீங்களே போட்டு நீங்களே வைத்திருங்கள், எங்களிடமும் சொல்லாதீர்கள். ஏற்கெனவே கடையில் படிவம் போட்டவர்கள் மறுபடி போட வரவேண்டாம், இலக்கத்தை வாங்கிக்கொண்டு வாருங்கள். இலக்கம் தர மறுத்தால் எங்களுக்குச் சொல்லுங்கள், கூட வந்து கேட்போம். மழைக்காலம், பத்திரங்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு வாருங்கள்.